அப்பாடா

டிரம்ஸின் சிம்பல் தட்டு இன்னும் அதிர்ந்து அடங்கவில்லை. அதற்குள் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

“அப்பாடா.”

பத்தாவது பாட்டு. முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சாக வாசித்தது. காலையிலிருந்து ஏழு தடவை முயன்றதில், முட்டாமல் மோதாமல் முடிந்தது இது ஒன்றுதான்.

கடைசி அடியின் ஓசை முழுக்கக் கரைய வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவு செய்யும் நஸ்ரின் கையைத் தூக்க வேண்டும். அதுவரை யாரும் மூச்சுகூட விடக்கூடாது. அந்த ஸ்டுடியோவில் இருந்ததே இந்த ஒரு சட்டம்தான்.

அவன் மூச்சு விடவில்லை. பேசிவிட்டான்.

கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் உபால்டு தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

டிரம்ஸுக்குப் பின்னால் எஸ்தர் கண்ணை மூடியிருந்தாள்.

அவன் தன் பேஸ் கிட்டாரை ஏதோ அதுதான் பேசியது போல முறைத்தான்.

பதினொரு வருஷமாக உபால்டு வீட்டுக் கார் ஷெட்டில் வாசித்த புளூஸ் ராக். ஒருமுறை செருப்புக்கடைத் திறப்புவிழாவிலும் வாசித்தார்கள். அங்கே கைதட்டியது கடைக்காரர் மட்டும். அதுவும் நிறுத்தச் சொல்லி.

நஸ்ரின் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, பதிவானதைப் போட்டுக் காட்டினாள்.

“அப்பாடாவை வெட்டிரலாம்ண்ணா, அது ஒண்ணுமில்ல.” கொஞ்சம் தயங்கினாள். “உங்க பேஸ்தான் டிரம்ஸுக்கு ஒரு நூல் பின்னாடி விழுது. பத்துப் பாட்டுலயும். கம்ப்யூட்டர்ல இழுத்து நேராக்கிடவா?”

அவனுக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. டிரைவிங் ஸ்கூலில், பிரேக்கை மெதுவாக மிதிக்கச் சொல்லித் தருவது அவன் பிழைப்பு. பழக்கம் காலிலிருந்து விரலுக்கு ஏறியிருக்கலாம்.

கேட்டும் பார்த்திருக்கிறான், ஒழுங்காக வாசிக்கிறேனா என்று. உபால்டு உடனே “டீ சொல்லவா?” என்பார். எஸ்தர் குச்சிகளைப் பைக்குள் போடத் தொடங்குவாள்.

பதினொரு வருஷத்தில் நிறைய டீ குடித்திருந்தான்.

“நேராக்கிடும்மா” என்றான். பெருந்தன்மை போலத் தெரியட்டும் என்று சிரித்தும் வைத்தான்.

திரையில் அவன் வாசித்தவை ஒவ்வொன்றாக நகர்ந்து, தாளக் கோட்டோடு ஒட்டி நின்றன. பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி.

மறுபடி போட்டாள்.

ஒரு பிசகும் இல்லை.

இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டிய சட்டை. உள்ளே ஆளைக் காணோம்.

உபால்டு காதைச் சொறிந்தார்.

“பழையபடியே வைம்மா.”

அவன் முகம் சூடாயிற்று. பரிதாபம். பாவம் பார்த்து விட்டுவைத்த விரல்கள் பத்துப் பாட்டிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் வேறு ஆளை வைத்து வாசித்துவிடலாம். தானே ஆள் பிடித்துக் கொடுத்துவிடலாம்.

உபால்டு வாயைத் திறந்தார்.

“டீ வேணாம்ணே” என்று முந்திக்கொண்டு, எஸ்தர் பக்கம் திரும்பினான். “நீ சொல்லு. நான் லேட்டா?”

எஸ்தர் குச்சிகளை எடுத்தாள். பையைப் பார்த்தாள். பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“லேட்டுதான்டா. மொத நாள்லேர்ந்தே லேட்டு. நீ வர்றதுக்கு எடம் விட்டுத்தான் நான் அடிக்கிறேன், இவரு பாடுறாரு. நீ சீக்கிரம் வந்தது அந்த அப்பாடால மட்டும்தான். வெட்டணும்னா அதை வெட்டச் சொல்லு.”