வாசலில் கேட்ட தண்ணீர்

சாயப்பட்டறைக் கழிவு குடிநீரில் கலக்கிறது என்று ஜெசிந்தா தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி மனு எழுதியிருந்தாள். மதியம், முன்பின் தெரியாத இரண்டு பேர் வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். குழாயில் பிடித்து வைத்திருந்ததைக் கொடுத்தாள். ஒருவன் செம்பை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தான்.

"மனுவெல்லாம் எதுக்குக்கா? பாப்பா நாலாவதுதானே படிக்குது? மூணரைக்கு விட்டுருவாங்கல்ல?"

அவர்கள் போனதும் மனுவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். மணி அடிக்கும்வரை கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மகள் வந்ததும் அவள் கையைப் பற்றி, வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, தாலுகா ஆபீஸ் பக்கம் நடந்தாள். பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"அம்மா, கை வலிக்குது. விடும்மா."

ஜெசிந்தா விடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.