ஊருக்குள் ஒரு படகு

எல்லாப் படகிலும் இடங்காட்டும் கருவி இருக்க வேண்டுமென்று புதுச் சட்டம். கண்காணிப்பு அறையில் திரையைப் பார்த்த மேலதிகாரி திகைத்தார்.

"என்னய்யா, ஒரு படகு ஊருக்குள்ள போகுது!"

உதவி அதிகாரி உடனே படகுக்காரருக்குப் போன் போட்டார். மேலதிகாரியும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு எகிறினார்.

"கருவியைக் கழட்டிட்டியா? சட்டம்னா உனக்குக் கிள்ளுக்கீரையா?"

"மீன் கிடைக்கிற இடம் மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கருவியைக் கழட்டி ஐஸ் பெட்டிக்குள்ள அடியில ஒளிச்சு வச்சேன் சார். கரைக்கு வந்ததும் மச்சான் விவரம் தெரியாம அதுலயே மீனை ரொப்பி அனுப்பிட்டான்."

"எங்க அனுப்பினான்? மறைக்காம சொல்லு!"

"வழக்கமா அனுப்புற வீட்டுக்குத்தான் சார்..."

மேலதிகாரி திரையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கி உதவி அதிகாரியைப் பார்த்தார்.

"படகு நின்னுடுச்சு. ஏன்யா, இது உன் வீடுதானே?"