கையை எடுக்காதே

ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டேன். இன்னொரு காலைத் தூக்குவதற்குள் கூடத்துச் சுவரிலிருந்து என் வீட்டுக்காரர் எலியாஸின் குரல் வந்தது.

"ஹெப்சி, அந்தப் பச்சப் பவளம் விழுந்து கெடக்குது பாரு. ஒட்டிட்டுப் போயிடும்மா. அப்படியே உட்டா செத்துடும்."

அவர் ராணிப்பேட்டை ஆபீஸில் இருக்கிறார். பேசியது மீன் தொட்டிக்கு மேலே இருக்கிற கேமரா. வேலை நேரத்திலும் மீன்களைப் பார்க்க வேண்டும் என்று போன மாதம் மாட்டினார். அதில் பார்க்கலாம், பேசலாம், நாம் சொல்வதையும் கேட்கலாம்.

போய்ப் பார்த்தேன். பவளம் மணலில் விழுந்துதான் கிடந்தது.

எங்கள் ஆம்பூரில் குழாயில் வருவதே உப்புத் தண்ணீர். இவர் கேன் தண்ணீர் வாங்கி, அதில் உப்பைக் கொட்டிக் கடல் செய்து வைத்திருக்கிறார்.

இன்றைக்கு நான் வேலையில் சேர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் பசை ஒட்டுகிற பேஸ்டிங் செக்‌ஷனில் இருந்தேன். அதே கம்பெனிதான், அதே செக்‌ஷன்தான்.

வேலைக்குப் போகாதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் போகிற அன்றைக்கு வீட்டில் ஏதாவது வந்துவிடும், அவ்வளவுதான். ஒரு தடவை அவருடைய அத்தை வந்தார்கள். ஒரு தடவை பிளம்பர் வந்தார். ஒரு தடவை இந்த மீன்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனது.

இன்றைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் ராஜம்மாள் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். ஆள் வராவிட்டால் போய்விடும்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தோளில் மாட்டிய பையோடு தொட்டிக்கு முன்னால் நின்றேன். பவளத்தை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பசையின் தடமே இல்லை.

நேற்று சாயங்காலம் உட்கார்ந்து அதை ஒட்டியவர் அவர்தான். பசை போட மறந்துவிட்டார் போலிருக்கிறது. பாவம், ஆபீஸில் என்ன டென்ஷனோ.

டியூபைப் பிதுக்கி அடியில் தடவினேன். தடவியவள் உடனே அமுக்கியிருக்க வேண்டும். கம்பெனியில் ஷூவின் அடி சோலுக்குப் பசை தடவினால் கொஞ்சம் காயவிட்டுத்தான் அமுக்குவோம். கை அந்தப் பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. பிறகுதான் முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பவளத்தைப் பாறைமேல் வைத்தேன்.

"நல்லா அமுக்கு. நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காத."

அமுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு மீன் வந்து என் மோதிரத்தைக் கொத்திப் பார்த்தது.

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"என்னங்க, வேன் வந்துடுச்சு."

"ஒரு நிமிஷம்மா. இப்ப உட்டா சாஞ்சிடும்."

எனக்கு அழுகை வந்தது. கையை எடுத்தால் ஒரு உயிரைக் கொன்றவள் ஆவேன். எடுக்காவிட்டால் வேலை போய்விடும். கோபப்படலாம் என்றால் யார்மேல் படுவது? அவர் அம்மா அம்மா என்று தன்மையாகத்தான் பேசுகிறார்.

அப்போது விரலுக்கடியில் ஏதோ நழுவியது. காய்ந்துபோன பசை பாறையைப் பிடிக்கவே இல்லை. பவளம் சறுக்கிக்கொண்டு போய் மணலில் குப்புற விழுந்தது.

ஐயோ, திரும்ப முதலிலிருந்தா என்று வாயைத் திறந்தேன்.

"ஆங், இப்ப நேரா நிக்குது," என்றார் அவர். "சூப்பரா இருக்கு. கைய மட்டும் எடுத்துடாத."

மணலைப் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தேன். தூசி தட்டியிருக்கிறேனே தவிர, அது எங்கே பார்க்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதன் கண் கீழே தொட்டியைப் பார்க்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் திரும்பி அது பார்க்கிற பக்கம் பார்த்தேன். எதிரே வாசல் கதவு திறந்தபடி இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் என் செருப்பு கிடந்தது.

தொட்டி அதன் பார்வையில் இல்லை. தொட்டிக்கு முன்னால் நிற்கிற நானும் இல்லை.

பவளத்தின் சுத்தமான அடிப்பாகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

மணலில் கிடந்ததை எடுத்து இரண்டு பாறைகளுக்கு நடுவில் சாயாதபடி செருகினேன். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

தொட்டியை ஒட்டித்தான் சமையலறை. சுவரோரமாகவே நடந்து உள்ளே போனேன். முழங்கையிலிருந்து உப்புத் தண்ணீர் வழியெல்லாம் சொட்டியது. செருப்பு வாசலிலேயே இருக்கட்டும். செருப்பு செய்கிற இடத்துக்குத்தானே போகிறேன்.

இரண்டாவது ஹாரன் கேட்டது.

"கைய எடுக்கலியே?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இல்லீங்க," என்று அங்கே கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன். "இன்னும் காயல."

சொல்லிவிட்டு, பின்கதவின் தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் நகர்த்தினேன்.