திரும்பிப் பார்க்கக் கூடாது

"கோலை இங்க வச்சிடுங்க மாஸ்டர். இந்த வருஷ ஊர்வலத்துக்கு வேற ஆளைப் பார்த்தாச்சு."

ஆலையின் பேண்டு குழுச் செயலாளர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். இருபத்திரண்டு வருடங்களாகக் குழுவுக்கு முன்னால் கோலை ஏற்றி இறக்கி நடப்பவர் மாஸ்டர். அவர் நடக்கிற வேகம்தான் பின்னால் வரும் நாற்பது பேருக்கும் வேகம்.

"நான் என்ன தப்பு பண்ணேன் சார்?"

"நடை போச்சு மாஸ்டர். போன தடவை ஒரு தள்ளுவண்டி நம்மளைத் தாண்டிப் போச்சு. ஜனங்க அதுக்குத்தான் கைதட்டினாங்க!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. கோலை மார்போடு அணைத்துக்கொண்டார். பிடுங்கினால் மனிதர் அழுதே விடுவார் போலிருந்தது. பக்கத்து வாத்திய அறையில் யாரோ திருகாணி முடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்குங்க சார். என் காலுக்கு ஒண்ணும் இல்ல. கடைசி வரிசையில பெரிய டிரம் அடிக்கிறாரே என் மச்சான், அவருக்குத்தான் முட்டி போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒத்திகையில விழுந்தாரே, அதிலேருந்து."

"அவரே சொன்னாரா?"

"அவரா? வீட்டுல என் பொண்டாட்டி கேட்டாக்கூட, 'எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்'னு வீம்பு பேசுவார். முன்னால போறவன் திரும்பிப் பார்க்கக் கூடாதே சார், எனக்குக் காதுதான் கண்ணு. தாளம் தளரும். ஐயோ, வலிக்குது போலன்னு நடையைக் குறைப்பேன். தாளம் இன்னும் தளரும். நானும் இன்னும் குறைப்பேன். அடுத்த வருஷம் அவர் ரிட்டயர் ஆகிடுவார். அதுவரைக்கும் மானமா நடந்துட்டுப் போகட்டுமே."

திருகாணிச் சத்தம் நின்றிருந்தது.

செயலாளர் இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். "கோலை எடுத்துட்டுப் போங்க மாஸ்டர்."

"அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார்!" என்றபடி மாஸ்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனார்.

வாத்திய அறைக் கதவு திறந்தது. கையில் திருகாணிச் சாவியோடு மச்சான் நின்றார். கன்னமெல்லாம் ஈரம்.

"எனக்கு முட்டி சரியாகி ஒன்றரை வருஷம் ஆச்சு சார். கோல் மெதுவா மெதுவா ஏறி இறங்குறதைப் பார்த்துட்டு, பாவம், மாப்பிள்ளைக்குத்தான் கால் தளர்ந்துபோச்சுன்னு நான் தாளத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தேன்."