மண்டபத்துக் குசினி

"என்ட ஊட்டுக்குள்ள புரியாணி வியாபாரமா? வெங்காய மணத்துக்குள்ள மனிசன் இரிக்க ஏலுமா?" மனைவி றம்ஸியாவைப் பார்த்து ஜௌபர் சிரித்த சிரிப்பில் அவன் சாய்ந்து கிடந்த சாய்மனைக் கதிரையே ஆடியது. "கல்முனையில கலியாண மண்டபத்துக் குசினி சும்மாதான் கிடக்கு. அத வாடகைக்கு எடுத்து அங்க சமை. வாடகை கட்ட உன்ட கையில என்ன இரிக்கி?"

"ஓம், பாப்பம்" என்றாள் அவள்.

மறுவாரம் ஒரு நாள் ஜௌபர் வீடு திரும்பியபோது அவனுடைய கதிரை வாசலில் கிடந்தது. முன்னறைக்குள் ஒருத்தி தையல் மெஷினை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆரக் கேட்டு என்ட ஊட்டு முன்னறைய வாடகைக்கு விட்டாய்?"

"நீங்க சொன்ன குசினிய எடுத்துட்டன். அதுக்கு வாடகை கட்டோணுமே."

"அதுக்கு என்ட ஊடா?"

"என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு" என்றாள் றம்ஸியா. "நீங்க மாப்பிள்ளையா வரக்குள்ள கொண்டு வந்தது ஒரு பேக்தான். அது அலுமாரிக்கு மேல பத்திரமா இரிக்கி."