தானா வேகமாகும் கம்ப்யூட்டர்

ஷூ வாங்கும் ஜெர்மனிக்காரர் போனில் காத்திருந்தார். தோல் ஸ்டாக் எவ்வளவு என்று கேட்டால், திரை பதில் சொல்லாமல் முழித்துக்கொண்டிருந்தது.

"தானா வேகமாகும்னு சொல்லித்தானே இந்தப் புது சாஃப்ட்வேரை வாங்க வெச்சே? இன்னா ஃபீபி இது!" என்று மேனேஜர் ரெனால்ட் கத்தினார். முதலாளியும் பக்கத்தில் நின்றிருந்தார்.

அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் ஃபீபி ஒருத்திதான். "எதை அடிக்கடி கேக்கறோமோ, அதைத்தான் சார் அது வேகமாக்கும்."

"நான் நாள் பூரா ஸ்டாக்கைத்தானே கேக்கறேன்?"

"அப்போ எதைத்தான் வேகமாக்கி வெச்சிருக்குது? பாரும்மா," என்றார் முதலாளி.

பார்த்தாள். மேனேஜர் நாள் பூரா கேட்டிருந்தது வேறொன்று. அதைத் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. எந்தப் பெண் எப்போது பாத்ரூம் போனாள், எத்தனை நிமிஷம் உள்ளே இருந்தாள், எல்லாம் பெயரோடு. முதல் பெயரே ஃபீபி.

பாத்ரூம் வாசலில் கார்டு தேய்க்கச் சொன்னபோது, தண்ணீர்ச் செலவைக் கம்மி பண்ண என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ரெனால்ட் தலை குனிந்துகொண்டார். இந்த ஆளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற நம்பிக்கையோடு ஃபீபி முதலாளியைப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இங்க இவ்ளோ சீக்கிரம் வருதே! என் ரூம்ல மட்டும் ஏம்மா இதே லிஸ்ட் லேட்டா வருது?"