வாளி வரிசை

அவளுடைய வாளி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அவள்தான் கட்டிலை விட்டு எழவில்லை.

பெண்கள் விடுதியில் காலையில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. வாளிகள்தான் நிற்கும். குளியலறை காலியாக ஆக, யாராவது காலாலேயே எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவள் வாளியைத் தினமும் கொண்டுபோய் வைப்பது அறைத்தோழி ஜெசிந்தா. முறை வந்தும் ஆள் வராவிட்டால், யாரோ ஒருத்தி அதைத் தூக்கி மறுபடி கடைசியில் வைப்பாள்.

ஒருத்தியும் முணுமுணுப்பதில்லை. எல்லோரும் அவளிடம் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் பேசினார்கள்.

பட்டாசு ஆலையில் தீப்பிடித்தபோது, அம்மா இருந்த அறையின் கதவு திறக்கவில்லை.

காரியம் முடிந்து விடுதிக்குத் திரும்பியதிலிருந்து அவள் குளிக்கவில்லை. வகுப்புக்குப் போகவில்லை. அழவும் இல்லை. திங்கட்கிழமையும் வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று வார்டன் கனிவாகத்தான் சொன்னார்.

வீட்டில் இனி யார் இருக்கிறார்கள்?

இன்று திங்கட்கிழமை.

ஜெசிந்தா கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தாள். அவள் வந்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

திரும்பி வெளியே வந்தாள்.

ஜெசிந்தா தாழ்ப்பாளைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். அட, இத்தனை நாளும் இதுதானா!

“தாழ் போடாத. நான் வெளிய புடிச்சிக்கிடுதேன்.”

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் சும்மா தொங்கியது.

ஒரு குவளை ஊற்றினாள். ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்று.

தண்ணீர் யார் மேலோ விழுந்தது.

மாடியில் தண்ணீர் வரவில்லை என்று பேச்சி தன் வாளியோடு கீழே இறங்கி வந்தாள். உள்ளே இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாது. ஜெசிந்தா கண்ணைக் காட்டுவதற்குள் கதவில் ஓங்கித் தட்டிவிட்டாள்.

“ஏ எரும! உள்ள என்ன கும்பாபிஷேகமா நடக்கு? எங்களுக்கும் கிளாஸ் இருக்குடி!”

ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

“இருடி, வாரேன்.”

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த குவளையைத் தலையில் ஊற்றியதும் உடம்பு தூக்கிப்போட்டது.

தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருந்தது.